புயலில்லா மலையில் மழைக்கால ஆயத்தம்



பழந்தமிழ் இலக்கியத்தில் ‘புயல்’ என்னும் சொல் மேகத்தையும் மழையையுமே மிகுதியாகக் குறித்தது. கடலில் திரண்டு கரையைத் தாக்கும் பெருங்காற்றுக்கு அது பெயரானது பிற்காலத்தில்தான். ‘சூறை’யும் ‘வளி’யும் கூடிச் சூறாவளி ஆயிற்று. வாடை, தென்றல், கோடை, கொண்டல் எனத் திசைதோறும் காற்றுக்குப் பெயரிட்ட மொழி நம்முடையது. இச்சொற்களோடு கடல் கடந்து மலையேறிய மக்கள், தம் வீட்டையும் உயிரையும் மழைக்காலத்தில் காத்துக்கொள்ளத் தேவையான சொற்களைப் பெற்றிருக்கிறார்களா என்பதே இவ்வுரையின் வினா.

சோழமண்டலக் கரையில் புயலுக்கென்றே ஒரு வழக்குமொழி உண்டு. துறைமுகங்களில் ஏற்றப்படும் எச்சரிக்கைக் கூண்டுகள் ஒன்று முதல் பதினொன்று வரை எண்ணிடப்பட்டவை. “பத்தாம் எண் கூண்டு ஏற்றிவிட்டார்கள்” என்ற ஒரு செய்தி போதும். எழுத்தறியாதவரும் செய்ய வேண்டியதை அறிவர். கூரையைக் கயிற்றால் வரிந்து கட்டுவர், மாடுகளை அவிழ்த்துவிடுவர், அரிசி, தீப்பெட்டி, மண்ணெண்ணெய், குடிநீர் ஆகியவற்றை மேட்டில் சேர்ப்பர். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலும், 2018 நவம்பர் 16 அன்று நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த ‘கஜா’வும் அவ்வறிவு எவ்வளவு தேவையானது என்பதைக் காட்டின.

இக்கரையின் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியோர் பலர் மலாயாத் தோட்டங்களுக்குச் சென்றனர். 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் ஆராய்ந்ததால் அவர் பெயரைப் பெற்ற பகாங் மலைநாட்டில், 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டைத் திருத்தியதிலும் கொழுந்து கிள்ளியதிலும் தமிழரின் உழைப்பு பெரும்பங்கு வகித்தது. லயங்களில் குடியேறிய அவர்களை ஐப்பசி அடைமழை அங்கும் தொடர்ந்தது. கேமரன் மலையில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் மழை மிகுந்தவை.

ஆயினும், அங்கே புயல் வருவதில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதியில், காற்றைச் சுழலச் செய்யும் புவிச்சுழற்சியின் விளைவு மிகக் குறைவு. 2001 டிசம்பர் 27 அன்று ‘வாமெய்’ புயல் ஜொகூரின் தென்கிழக்கில் கரையேறியது மிக அரிய நிகழ்வு. கேமரன் மலையில் பேரிடர் காற்றாக வருவதில்லை; காலடி மண்ணாக வருகிறது.

2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழைக்கிடையே ரிங்லெட்டிலுள்ள சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டது. பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறும் நீரும் வீடுகளுக்குள் புகுந்தன, உயிர்கள் பலியாயின. மேட்டு நிலங்களில் காடும் புதரும் அழிக்கப்பட்டதால் அரித்துவரப்பட்ட வண்டல், நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைப் பல ஆண்டுகளாகக் குறைத்து வந்திருந்தது. 2024 ஜனவரி 26 அன்று புளூ வேலியில் நேர்ந்த நிலச்சரிவில் மியன்மாரைச் சேர்ந்த தொழிலாளர் ஐவர் இறந்தனர். ஒரு காலத்தில் தமிழர் வேற்று மொழி நாட்டில் நின்ற இடத்தில் இன்று அவர்கள் நிற்கின்றனர்.

பிற தேயிலை மலைகளின் வரலாறும் இதையே கூறுகிறது. இலங்கையின் கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29 அன்று லயங்கள் மண்ணுள் புதைந்தன. அம்மலை ஆபத்தானது என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே தரப்பட்டிருந்தது. குடிபெயர்வதற்கு மாற்று வீடில்லாத நிலையில் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். கேரளத்தின் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6 இரவு, உறக்கத்திலிருந்த தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த எழுபது பேர் மாண்டனர். தொலைத்தொடர்பு அற்றுப்போனதால் மறுநாள் காலையில்தான் வெளியுலகம் அறிந்தது.

ஆகவே, மலை வீட்டின் ஆயத்தம் கடற்கரை வீட்டின் ஆயத்தத்திலிருந்து வேறுபட்டது. கூரையைக் கட்டுவதற்கு முன் சரிவைப் பார்க்க வேண்டும். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது மின்கம்பம், திடீரென இறுகித் திறக்க மறுக்கும் கதவு, தெளிந்திருந்த ஊற்று கலங்குதல், அடைமழையிலும் ஓடைநீர் சட்டெனக் குறைதல் ஆகிய யாவும் மலை தரும் எச்சரிக்கைக் கூண்டுகள். வடிகாலைத் தூர்வாருவதும், அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், மருந்து ஆகியவற்றை நீர் புகாத பையில் இட்டுக் கைக்கெட்டும் இடத்தில் வைப்பதும், துயர் துடைப்பு மையத்துக்குப் போகும் வழியைப் பகலிலேயே நடந்து பார்த்துக்கொள்வதும் வீட்டார் செய்யத்தக்கவை. ஓடைநீர் குறைந்தால் மழை தணிந்ததென்று மகிழ்வது இயல்பு. மேலே மண் சரிந்து நீரை அடைத்திருக்கலாம் என்று அறிந்தவரே உடனே வெளியேறுவர்.

மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழை எச்சரிக்கையை ‘வஸ்பாடா’, ‘புரூக்’, ‘பஹாயா’ என மூன்று படிகளில் வெளியிடுகிறது. விழிப்பு, மோசம், அபாயம் என்பன அவற்றின் பொருள். மலாய் ‘பஹாயா’வும் தமிழ்ப் ‘பய’மும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை. மலாயில் அது வெளியே நிற்கும் ஆபத்தைக் குறிக்கிறது. தமிழிலோ உள்ளத்தில் எழும் அச்சத்தை. முதியோருக்கு அறிவிப்பை எடுத்துச் சொல்லும் மாணவர் இவ்வேறுபாட்டை விளக்க வேண்டும். “பயப்படுங்கள்” என்பது அச்செய்தியன்று; “இப்போதே புறப்படுங்கள்” என்பதே அதன் பொருள்.

கடற்கரைத் தமிழர் கூண்டின் எண்களைக் குழந்தைப் பருவத்திலேயே கேட்டு வளர்ந்தனர். மலைத்தோட்டப் பள்ளிகளில் சரிவின் அறிகுறிகளும் அவ்வாறே தமிழில் பேசப்படுதல் வேண்டும். முதியோர் வழங்கும் சொற்களை மாணவர் கேட்டுத் தொகுப்பது அதன் முதற்படியாகும். சொல் மட்டும் போதாது என்பதை மீரியபெத்தை உணர்த்திற்று. எச்சரிக்கை பயன்தர, கேட்போருக்குப் புரியும் மொழியும் வேண்டும். அவர்கள் போய்ச் சேர்வதற்குப் பாதுகாப்பான ஓர் இடமும் வேண்டும்.