கூகுள் வெப் டூல்கிட்டில் தொகுத்தல் நேரத்தைக் குறைத்தல்

கூகுள் வெப் டூல்கிட் (சுருக்கமாக ஜி.டபிள்யூ.டி.) என்பது ஜாவா மொழியில் எழுதப்பட்ட நிரலை, உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலாக மாற்றித் தரும் ஒரு கட்டற்ற வலைச் சட்டகம் ஆகும். இம்மாற்றம் தொகுத்தல் எனவும், அதனைச் செய்யும் மென்பொருள் தொகுப்பி (கம்பைலர்) எனவும் அழைக்கப்படும். இச்சட்டகத்தில் முழுமையான தொகுத்தலுக்குக் கூடுதல் நேரம் பிடிக்கும். எனவே நிரற்கூறுகளை உருவாக்குவோர் அந்நேரத்தைக் குறைப்பதற்குப் பல வழிமுறைகளைக் கையாள்கின்றனர்.

பின்னணி

ஜி.டபிள்யூ.டி. மே 2006 இல் கூகுள் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. இதில் எழுதப்படும் செயலிகள் நிரற்கூறுகளாக (மாட்யூல்) அமைக்கப்படுகின்றன. ஒவ்வொரு நிரற்கூறுக்கும் எக்ஸ்.எம்.எல். வடிவில் ஒரு விவரக் கோப்பு உண்டு. அக்கூறு வேறு எந்தக் கூறுகளைப் பயன்படுத்துகின்றது, எந்த வகுப்பிலிருந்து செயலி தொடங்குகின்றது, எந்த மொழிகளில் அது கிடைக்க வேண்டும் என்பன போன்ற விவரங்கள் இக்கோப்பில் குறிப்பிடப்படும்.

தொகுத்தல் நீள்வதற்கான காரணங்கள்

முதலாவது காரணம் முழுநிரல் தொகுத்தல் ஆகும். வழக்கமான ஜாவா தொகுப்பி ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியே மாற்றக்கூடியது. ஜி.டபிள்யூ.டி. தொகுப்பியோ செயலி முழுவதையும், அது பயன்படுத்தும் நிரலகங்களையும் ஒருசேர ஆராய்கின்றது. எங்கும் அழைக்கப்படாத செயற்கூறுகளை நீக்குகின்றது. சிறிய செயற்கூறுகளை அவை அழைக்கப்படும் இடத்திலேயே பதிக்கின்றது. இதனால் விளையும் நிரல் சிறிதாகவும் விரைவாகவும் இருக்கும். ஆனால் ஒரு வரியை மாற்றினாலும் இந்த ஆய்வு முழுவதும் மீண்டும் நடைபெற வேண்டியுள்ளது.

இரண்டாவது காரணம் சேர்க்கைகளின் பெருக்கம் ஆகும். ஒவ்வோர் உலாவி வகைக்கும் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனி ஜாவாஸ்கிரிப்ட் நிரல் உருவாக்கப்படுகின்றது. எடுத்துக்காட்டாக, வத்திராயிருப்பிலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் பேருந்துகளின் நேரத்தைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டும் ஒரு செயலியைக் கொள்வோம். இச்சட்டகத்தின் தொடக்கப் பதிப்புகள் ஐந்து உலாவி வகைகளை வேறுபடுத்தின. ஆகவே 5 × 2 = 10 சேர்க்கைகள் தேவைப்படும். இயல்பிருப்பு மொழியும் ஒரு மொழியாகவே கணக்கிடப்படுவதால், விவரக் கோப்பில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் புதிதாகச் சேர்த்தால் மொழிகளின் எண்ணிக்கை மூன்றாகி, சேர்க்கைகள் 15 வரை உயரக்கூடும். பழைய உலாவிகளுக்கான ஆதரவு பிற்பாடு நீக்கப்பட்டதால் உலாவி வகைகளின் எண்ணிக்கை குறைந்துள்ளது.

இப்பெருக்கத்தால் பயனருக்கு நன்மை உண்டு. பயர்பாக்சு உலாவியில் தமிழ்ப் பக்கத்தைப் பார்ப்பவர், அச்சேர்க்கைக்குரிய நிரலை மட்டுமே பதிவிறக்குகிறார். மெதுவான இணைய இணைப்பு உள்ளவருக்கு இது பெரிதும் உதவும். பயனர் காத்திருக்க வேண்டிய நேரத்தின் ஒரு பகுதியை நிரலாளர் முன்னதாகவே ஏற்றுக்கொள்கிறார் எனலாம்.

குறைக்கும் வழிமுறைகள்

வளர்ச்சிக்கெனத் தனிக்கூறு அமைத்தல்: முதன்மைக் கூறை அப்படியே பயன்படுத்தும் இரண்டாவது விவரக் கோப்பு ஒன்றை உருவாக்கி, அதில் ஓர் உலாவியையும் ஒரு மொழியையும் மட்டும் குறிப்பிடலாம். மேலே கண்ட எடுத்துக்காட்டில் 10 சேர்க்கைகள் ஒன்றாகக் குறையும். எனினும் எல்லாச் சேர்க்கைகளுக்கும் பொதுவான தொடக்க ஆய்வு நடந்தேயாக வேண்டும் என்பதால், நேரம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடாது. இவ்வாறு தொகுத்த செயலி, குறிப்பிடாத உலாவியில் இயங்காது.

வரைவுத் தொகுத்தல்: 'டிராஃப்ட் கம்பைல்' என்னும் தெரிவு, நிரலைச் செம்மையாக்கும் படிகளைப் பெரும்பாலும் தவிர்க்கின்றது. விளையும் நிரல் அளவில் பெரிதாக இருப்பினும் விரைவில் கிடைக்கும்.

இணையாகத் தொகுத்தல்: 'லோக்கல் வொர்க்கர்ஸ்' என்னும் தெரிவின் மூலம் பல சேர்க்கைகளை ஒரே நேரத்தில் தொகுக்கலாம். ஒவ்வொரு பணிக்கும் நினைவகம் தேவை. நினைவகம் போதாமல் கணினி வன்தட்டை நாடத் தொடங்கினால், தொகுத்தல் முன்னைவிடத் தாமதமாகும். ஒரே ஒரு சேர்க்கை மட்டும் இருக்கும்போது இத்தெரிவால் பயனில்லை.

தேவையற்ற கூறுகளை நீக்குதல்: பயன்படாத நிரலகங்கள் இறுதி நிரலில் இடம்பெறாவிட்டாலும், தொகுப்பி அவற்றையும் படிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே விவரக் கோப்பிலிருந்து அவற்றை நீக்குவது நல்லது.

தொகுக்காமலே சோதித்தல்: கணக்கீடு, தரவுச் சரிபார்ப்பு போன்ற பகுதிகளைத் திரைக் கூறுகளிலிருந்து பிரித்து எழுதினால், அவற்றை ஜேயூனிட் கொண்டு சாதாரண ஜாவா நிரலாகவே சோதிக்க இயலும். பேருந்து நேரங்களை வரிசைப்படுத்தும் பகுதியைச் சோதிக்க உலாவியோ ஜாவாஸ்கிரிப்ட் நிரலோ தேவையில்லை.

வளர்ச்சி முறைகள்

தொகுத்தலை முற்றாகத் தவிர்ப்பதற்காக, தொடக்கம் முதலே 'ஹோஸ்டட் மோட்' என்னும் முறை வழங்கப்பட்டது. இதில் நிரல் மாற்றப்படாமல் ஜாவாவாகவே இயங்கும். திரை மட்டும் உலாவியில் தோன்றும். டிசம்பர் 2009 இல் வெளியான 2.0 பதிப்பில், உலாவிச் செருகி வழியாக இயல்பான உலாவிகளிலேயே இதனைச் செய்ய முடிந்தது. பின்னர் உலாவிகள் இத்தகைய செருகிகளுக்கான ஆதரவைக் கைவிட்டதால் இம்முறை பயனற்றுப் போனது.

அதற்கு மாற்றாக 'சூப்பர் டெவ் மோட்' 2012 இல் 2.5 பதிப்புடன் வெளிவந்தது. இது செருகியை நாடாமல், ஒரே சேர்க்கையை விரைவாகத் தொகுத்து உலாவிக்கு அளிக்கின்றது. நவம்பர் 2014 இல் வெளியான 2.7 பதிப்பு, மாற்றப்பட்ட கோப்புகளையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் மறுபடி தொகுக்கும் முறையை இதில் சேர்த்தது. முதல் தொகுத்தலுக்கு நேரம் பிடித்தாலும், அடுத்தடுத்த தொகுத்தல்கள் விரைவாக முடிகின்றன.

வெளியீட்டின்போது கவனிக்க வேண்டியவை

மேற்கண்ட வழிமுறைகளுள் சில வளர்ச்சிக் காலத்துக்கு மட்டுமே உரியவை. வரைவாகத் தொகுத்த நிரலை அப்படியே வெளியிட்டால், நிரலாளர் மிச்சப்படுத்திய நேரத்தைப் பதிவிறக்கத்தின்போது ஒவ்வொரு பயனரும் இழக்க நேரிடும். ஓர் உலாவிக்கு மட்டும் தொகுத்ததை வெளியிட்டால் பிற உலாவிகளில் செயலி தோன்றவே தோன்றாது. ஆகவே வெளியீட்டுக்கு முதன்மைக் கூறையே முழுமையாகத் தொகுத்து, ஆதரிக்கப்படும் உலாவிகளிலும் மொழிகளிலும் சோதிக்க வேண்டும். இணைத் தொகுத்தல், தேவையற்ற கூறுகளை நீக்குதல் ஆகியவற்றை இரு நிலைகளிலும் கையாளலாம்.

பிற கருவிகளில்

மாறியதை மட்டும் மறுபடி தொகுக்கும் எண்ணம் பழமையானது. 1976 இல் பெல் ஆய்வகத்தில் இசுடூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' என்னும் கருவி, கோப்புகள் மாற்றப்பட்ட நேரத்தை ஒப்பிட்டு இதனைச் செய்தது. வலைச் சட்டகங்களுள் ஒன்றான ஆங்குலர், 2020 இல் வெளியான 9 ஆம் பதிப்பில் 'ஐவி' தொகுப்பியை இயல்பிருப்பாக்கியது. இது ஒவ்வொரு கூறையும் பெருமளவு தனித்தே தொகுக்கின்றது.

இவற்றையும் பார்க்க

ஜாவா
ஜாவாஸ்கிரிப்ட்
நிரல்மொழிமாற்றி
கட்டற்ற மென்பொருள்