ராணுவச் சோறும் சிவிலியன் கோழியும்



சென்ற ஜெனரல் பாடி கூட்டம் முடிந்து கிளப் ஹவுஸில் சாப்பாடு போட்டார்கள், நினைவிருக்கும். கேட்டரிங்காரர் புழுங்கல் அரிசிச் சோறு கொண்டுவந்ததில் சிலருக்கு வருத்தம். "விருந்துன்னா சோறு மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையா இருக்க வேண்டாமா சார்?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் என்னிடம் கேட்டார். வாயில் அப்பளம் இருந்ததால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதில்தான். ஜாவா தீவு வரை போய்வர வேண்டும். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு பாங்க்கில் கணக்கு எழுதியவன். ஆனால் இந்தக் கதையில் பாதி கணக்குதான்.

1880களில் ஜாவா டச்சுக்காரர்கள் கையில் இருந்தது. அங்கே ராணுவத்திலும் சிறையிலும் பெரிபெரி என்ற நோய் ஆட்களை வாரிக்கொண்டு போனது. முதலில் கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும். சிலருக்கு உடம்பு வீங்கும். கடைசியில் இதயம் நின்றுவிடும். அது கிருமிகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம் என்பதால், இதுவும் ஒரு கிருமியாகத்தான் இருக்கும் என்று டச்சு அரசு 1886-இல் ஒரு குழுவை அனுப்பியது. அதில் உதவியாளராகப் போனவர் கிறிஸ்டியான் ஐக்மான் என்ற இளம் ராணுவ டாக்டர். குழு ஊர் திரும்பியது. இவர் மட்டும் படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், ராணுவ ஆஸ்பத்திரியை ஒட்டியிருந்த ஆய்வுக்கூடத்தின் பொறுப்பாளராகத் தங்கிவிட்டார்.

சோதனைக்குக் கோழி வாங்கினார். விலை மலிவு என்பதுதான் காரணம். சில கோழிகளுக்கு நோயாளியின் ரத்தத்தை ஊசியில் ஏற்றினார். சிலவற்றைச் சும்மா விட்டு வைத்தார். ஊசி போட்ட கோழிகளுக்குக் கால் தள்ளாடியது. ஊசி போடாதவற்றுக்கும் அதேபோல் தள்ளாடியது. கொஞ்ச நாளில் எந்த மருந்தும் இல்லாமல் எல்லாம் தேறி நடக்க ஆரம்பித்தன.

பாங்க்கில் இருந்தவர்களுக்கு இந்த நிலைமை புரியும். ஒருமுறை எங்கள் கிளையில் சில ரூபாய் இடிக்கிறது என்று இரவு பத்து மணி வரை பெரிய பெரிய என்ட்ரிகளையே புரட்டிக்கொண்டிருந்தோம். தப்பு தபால் செலவு வவுச்சரில் இருந்தது. ஐக்மானின் தப்பும் அப்படி ஒரு சின்ன இடத்தில்தான் ஒளிந்திருந்தது. கோழிகளைப் பார்த்துக்கொண்ட ஆள், செலவை மிச்சம் பிடிக்க, ஆஸ்பத்திரி சமையலறையில் மீந்த வெள்ளைச் சோற்றை வாங்கிப் போட்டிருக்கிறார். ஜூனில் ஆரம்பித்து நவம்பர் வரை இது நடந்தது. பிறகு சமையல்காரர் மாறினார். புதிதாக வந்தவர் கறார் பேர்வழி. ராணுவத்து அரிசியைச் சிவிலியன் கோழிக்குத் தர முடியாது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பழையபடி தீட்டாத அரிசிக்குப் போயின, நோயும் போனது. இதை ஐக்மானே பிற்பாடு தன் நோபல் உரையில் சொல்லியிருக்கிறார். ஆடிட்டில் பாராட்டு வாங்கவேண்டிய சமையல்காரர் என்பது என் அபிப்பிராயம்.

நெல்லின் உமியை நீக்கினால் உள்ளே பழுப்பான தவிட்டுத்தோல். உரலில் குத்தினால் அதில் கொஞ்சமாவது தங்கும். நீராவி ரைஸ் மில் வந்தபோது தவிடும் முளையும் மொத்தமாகப் போயின. ஐக்மான் வெள்ளை அரிசி தின்று நோயுற்ற கோழிகளுக்குத் தவிட்டைக் கொடுத்தார்; அவை குணமாயின. ஆனால் அவருக்குக் கிருமிப் பழக்கம் விடவில்லை. அரிசி மாவில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று எண்ணினார். இல்லாத ஒன்றால் நோய் வரும் என்பது அன்றைக்கு யாருக்கும் எளிதில் ஏறாத யோசனை. 1901-இல் அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ்தான் அதைச் சொன்னார்: நரம்புக்கு வேண்டிய ஏதோ ஒரு பொருள் தவிட்டில் இருக்கிறது, அது குறைந்தால் நோய்.

கோழிக்குச் சரி, மனிதனுக்கு? ஜாவாவின் சுகாதார அதிகாரியான வோர்டர்மன் என்பவரிடம் ஐக்மான் கேட்டுக்கொண்டார். எந்தச் சிறையில் எந்த அரிசி போடுகிறார்கள் என்பது அந்தந்த வட்டார வழக்கத்தைப் பொறுத்திருந்தது. வோர்டர்மன் 101 சிறைகளைக் கணக்கெடுத்தார். தவிடு போகாத அரிசி போட்ட சிறைகள் 37. பெரிபெரி இருந்தது ஒன்றில் மட்டும். இரண்டும் கலந்து போட்டவை 13. அவற்றில் ஆறில் நோய். வெள்ளை அரிசிச் சிறைகள் 51. நோய் இருந்தது 36-இல். கட்டடம் பழசா புதுசா, காற்றோட்டம் உண்டா, நெரிசலா என்றும் பார்த்திருக்கிறார். அவற்றுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. லெட்ஜர் எழுதியவன் என்ற முறையில் எனக்கு இந்த மனிதர் மேல் தனி மரியாதை.

இனி நம்மவர்கள் வருகிறார்கள்.

மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் சயாமிலிருந்து வந்த வெள்ளைப் பச்சரிசி சாப்பிட்டார்கள். பெரிபெரியில் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அதே நாட்டில் அதே வெயிலில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அபூர்வம். நெகிரி செம்பிலானில் டாக்டராக இருந்த பிராடன் இதைக் கவனித்து, 1907-இல் புத்தகமே எழுதினார். தமிழர்கள் ஊர் வழக்கப்படி புழுங்கல் அரிசி சாப்பிட்டார்கள். மலாய்க்காரர்கள் தங்கள் நெல்லைத் தாங்களே குத்திச் சாப்பிட்டதால் அவர்களும் பெரும்பாலும் தப்பினார்கள்.

கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் 1905-இல் பிளெட்சர் என்ற டாக்டர் இதைச் சோதித்தார். நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிற்கவைத்து எண் கொடுத்தார். ஒற்றைப்படைக்காரர்களுக்கு ஓர் அரிசி, இரட்டைப்படைக்காரர்களுக்கு இன்னோர் அரிசி. ஒவ்வொரு பக்கமும் சுமார் 120 பேர். வெள்ளை அரிசிப் பக்கம் 18 பேர் பெரிபெரியில் செத்தார்கள். புழுங்கல் பக்கம் ஒருவர்கூடச் சாகவில்லை. அந்த 18 பேரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. இந்த இடத்தைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பின் பிரேசர், ஸ்டான்டன் என்ற இருவர் ரோடு போட வந்த சுமார் 300 ஜாவாத் தொழிலாளர்களிடம் சோதித்து இதையே உறுதிசெய்தார்கள்.

புழுங்கலில் என்ன விசேஷம்? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் சத்து நீரோடு அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு மில்லில் தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. நம் பாட்டிகள் வைட்டமினுக்காக நெல் அவிக்கவில்லை. அவித்த நெல் உடையாது, பூச்சி அதிகம் பிடிக்காது, அதற்காகச் செய்தார்கள். உயிர் பிழைத்தது உபரி லாபம்.

அந்தச் சத்துதான் பி1, தயமின். 1926-இல் அதே ஜாவாவில் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்கள். 1936-இல் அதைச் செயற்கையாகத் தயாரித்தவர் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் பிறந்த ஊர் நெல்லூர், நம் பழைய மதராஸ் மாகாணம்! அதே மாகாணத்தில், மில் பச்சரிசி சாப்பிட்ட வடக்குக் கடலோர ஆந்திர மாவட்டங்களில் பெரிபெரி இருந்தது. குன்னூரில் 1918-இல் மெக்காரிசன் ஒரே அறையில் தொடங்கிய பெரிபெரி ஆராய்ச்சிதான் வளர்ந்து ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. 1929-இல் நோபல் பரிசு ஐக்மானுக்கும், இங்கிலாந்தின் ஹாப்கின்ஸுக்கும் கிடைத்தது. கிரைன்ஸுக்கு இல்லை.

இப்போது பக்கத்து நாற்காலிக்காரருக்கு. பயப்படாதீர்கள். பருப்பும் பயறும் நிலக்கடலையும் நம் தட்டில் இருக்கின்றன. வெள்ளைச் சோறு ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனால் உடம்பு இந்தச் சத்தைச் சில வாரங்களுக்கு மேல் சேமித்து வைப்பதில்லை. மாதக் கடைசியில் பேலன்ஸ் இல்லாத சேவிங்ஸ் அக்கவுன்ட் மாதிரி. ரசமும் சோறும் போதும் என்று நாளைத் தள்ளும் தனியாக இருக்கும் பெரியவர்கள், நிறையக் குடிப்பவர்கள், இவர்களை இன்றும் டாக்டர்கள் இந்த விஷயத்தில் கவனிக்கிறார்கள். நம் சி பிளாக்கில் மட்டும் தனியாகச் சமைத்துச் சாப்பிடும் பெரியவர்கள் நாலைந்து பேர் உண்டு.

இன்னொன்று, பி1 தண்ணீரில் கரையும். அரிசியைப் பலமுறை களைந்து கஞ்சியும் வடித்தால் அதோடு போகும். எங்கள் கிராமத்து வீட்டில் தவிடு, கழுநீர், வடிகஞ்சி மூன்றும் மாட்டுக்குத்தான். மாடு ஆரோக்கியமாக இருந்தது.

பொங்கல் விழாச் சாப்பாட்டுக்கு எந்த அரிசி என்று கமிட்டி கேட்டிருக்கிறது. காலை பொங்கலுக்குப் பச்சரிசிதான், அதில் தகராறில்லை; பாசிப்பருப்பு துணைக்கு இருக்கிறது. மதியச் சோற்றுக்கு என் ஓட்டு புழுங்கலுக்கு.