ஒற்றைச் சிலிண்டரின் ஜாதகம்

யந்திரங்களுக்கும் ஜாதகம் உண்டு என்று சொன்னால் படித்தவர்கள் சிரிப்பார்கள். இரண்டு மோட்டார் சைக்கிள்களின் கதையைக் கேட்டால் அந்தச் சிரிப்பு சற்றுக் குறையலாம்.

முதலாவது இத்தாலி தேசத்துப் பிறவி. மிலான் நகருக்கு அருகே ஆர்க்கோரே என்ற ஊரில் ஜிலேரா கம்பெனியார் செய்த 'சட்டர்னோ'. ஒற்றைச் சிலிண்டர், 500 சி.சி. 1940-இல் சில வண்டிகள் வெளிவந்தன, யுத்தம் குறுக்கிட்டது. 1946-க்குப் பிறகே ஒழுங்கான உற்பத்தி. மறு வருஷம் சான்ரெமோ பந்தயத்தில் வெற்றி. பந்தய ரகத்துக்கு அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது. ஆனாலும் 1950களோடு அதன் கதை முடிந்தது. மொத்தம் பிறந்தவை ஆறாயிரத்துச் சொச்சம். இன்று அது தனவந்தர்கள் துடைத்து வைத்துப் பார்க்கும் பொக்கிஷம்.

இரண்டாவது, இங்கிலாந்தில் ரெடிட்ச் என்ற ஊரில் பிறந்த ராயல் என்பீல்டு 'புல்லட்'. இதற்கும் ஒற்றைச் சிலிண்டர்தான், 350 சி.சி. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் இரண்டிலும் ஒன்றே: 90 மில்லிமீட்டர். யுத்தத்துக்குப் பின் வந்த புல்லட்டில் பின்சக்கரத்துக்கும் ஸ்பிரிங் உண்டு. கரடுமுரடான பாதைக்கு ஏற்றதென்று நம் ராணுவம் இதை விரும்பி வாங்கிற்று. 1955-இல் ரெடிட்ச் கம்பெனியும் மதராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா'வை ஆரம்பித்தன. சீமையிலிருந்து வந்த பாகங்களைத் திருவொற்றியூரில் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளுமே வந்து சேர்ந்தன. பாகங்களும் இங்கேயே தயாராயின.

அப்புறம் நடந்ததுதான் விசித்திரம். ரெடிட்ச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்டது. 1970-க்குள் இங்கிலாந்தில் அந்தக் குலமே அற்றுப்போயிற்று. தத்துப் போன பிள்ளை மட்டும் திருவொற்றியூரில் பிழைத்திருந்தது. 1977-இல் கப்பலேறித் தாய்நாட்டுக்கே விற்பனைக்குப் போயிற்று!

இதற்கெல்லாம் நம் சாமர்த்தியமே காரணம் என்று மார்தட்டுவது நியாயமல்ல. அந்நாளில் வெளிநாட்டு வண்டிகளுக்குக் கதவு சாத்தியிருந்தது. ராணுவமும் போலீஸும் நிரந்தர வாடிக்கைக்காரர்கள். 1980களில் ஜப்பானியக் கூட்டுறவில் 100 சி.சி. வண்டிகள் வந்து, சொற்ப பெட்ரோலில் வெகுதூரம் ஓடிக் காட்டியபோது, புல்லட்டின் பாடு திண்டாட்டமாயிற்று. 1994-இல் கம்பெனி ஐஷர் வசம் போனது. நின்றே போயிருக்க வேண்டிய வண்டி!

அதைக் காப்பாற்றியதில் பாதிப் பங்கு மரத்தடி மெக்கானிக்குகளுக்கு உண்டு என்பேன். பழைய புல்லட் என்ஜினில் ரகசியம் கிடையாது. கனத்த இரும்பு, நிதானமான ஓட்டம். கழற்றினால் காரணம் தெரியும். காரணம் தெரிந்தால் கை செய்துவிடும். கோமுகி அணையைத் தாண்டிக் கரியாலூர் ஏறும் கல்வராயன் மலைப்பாதை போன்ற இடங்களில், வண்டியின் அழகைவிட, நின்றுபோனால் திரும்பக் கிளம்புமா என்பதல்லவா பெரிது? அரிய பொருளுக்குக் கண்ணாடிப் பெட்டி கிடைக்கிறது. உபயோகமான பொருளுக்குத்தான் ஆயுள் கிடைக்கிறது.

சட்டர்னோவைப் பார்க்கக் கண்காட்சிக்குப் போகவேண்டும். புல்லட்டுக்கு அந்தச் சிரமம் இல்லை. கரியாலூர் வளைவில் நின்று காதைத் தீட்டிக்கொண்டால் போதும். வண்டி கண்ணில் படுமுன்பே 'தட், தட்' என்று தன் வரவை அறிவித்துவிடும்.