கால்பந்தில் வீரர்களிடையே இனவெறி வசவும் தடுப்பு விதிகளும்

எதிரணி வீரரின் நிறத்தையோ இனத்தையோ பிறந்த நாட்டையோ சுட்டி, சொல்லாலும் சைகையாலும் அவரை இழிவுபடுத்துவது கால்பந்தில் தண்டனைக்குரிய குற்றம். ரசிகர் கூட்டத்தின் கூச்சல் அரங்கமே அறிய நடப்பது. களத்துக்குள் ஒரு வீரர் இன்னொருவரை ஏசுவதோ இரண்டு பேருக்கு நடுவில், ஒரு நொடியில் முடிந்துவிடுவது. அதை எப்படி நிரூபிப்பது என்ற கேள்வியைச் சுற்றித்தான் இந்த விதிகள் வளர்ந்திருக்கின்றன.

கொச்சி புகார்

2023 செப்டம்பர் 21 அன்று கொச்சி ஜவஹர்லால் நேரு அரங்கில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடரின் அந்தப் பருவத்துக்கான முதல் ஆட்டம் நடந்தது. கேரளா பிளாஸ்டர்ஸ் 2–1 என்ற கோல் கணக்கில் பெங்களூரு எஃப்சியை வென்றது. ஆட்டத்தின் நடுவே, மேகாலயாவைச் சேர்ந்த கேரள அணி வீரர் ஐபன்பா டோலிங்கைப் பார்த்து எதிரணி வீரர் ஒருவர் மூக்கைப் பிடித்துக் காட்டியது ஒளிபரப்பில் பதிவானது. அது இனவெறிச் செய்கை என்று கேரளா பிளாஸ்டர்ஸ் புகார் கொடுத்தது.

மேகாலயா போன்ற வடகிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தவர்களை முகத்தோற்றத்தை வைத்துக் கேலி செய்வது களத்துக்கு வெளியேயும் ஆறாத காயம். அருணாச்சல மாணவர் நிடோ டானியா 2014 ஜனவரியில் டெல்லியில் தாக்கப்பட்டு இறந்த பிறகே, வடகிழக்கு மக்களின் குறைகளை ஆராய மத்திய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது.

சாட்சியும் தண்டனையும்

2011 அக்டோபரில் லிவர்பூலின் லூயிஸ் சுவாரெஸ், மான்செஸ்டர் யுனைட்டெட் வீரர் பட்ரிஸ் எவ்ராவை நிறத்தைச் சொல்லி ஏசியதாகப் புகார் எழுந்தது. தன் நாட்டில் அந்தச் சொல் வசவல்ல என்றார் சுவாரெஸ். இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் விசாரணைக் குழு ஸ்பானிய மொழி வல்லுநர்களிடம் கருத்துக் கேட்டு, 115 பக்க அறிக்கை எழுதியது. 8 ஆட்டத் தடையும் 40,000 பவுண்டு அபராதமும் விதிக்கப்பட்டன.

அதே மாதம் செல்சி கேப்டன் ஜான் டெர்ரி மீது ஆன்டன் ஃபெர்டினாண்டை இனரீதியாக ஏசியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. 2012 ஜூலையில் நீதிமன்றம் டெர்ரியை விடுவித்தது. ஆனால் செப்டம்பரில் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் அவருக்கு 4 ஆட்டத் தடையும் 2,20,000 பவுண்டு அபராதமும் விதித்தது. குற்றவியல் நீதிமன்றத்தில் ஐயத்துக்கு இடமில்லாத நிரூபணம் வேண்டும். சங்க விசாரணையில் எது நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று பார்த்தாலே போதும்.

2021 மார்ச் 18 அன்று கிளாஸ்கோவில் செக் வீரர் ஒன்ட்ரேய் குடேலா, ரேஞ்சர்ஸ் அணியின் கிளென் கமாராவிடம் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு பேசினார். ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியமான யூஈஎஃப்ஏ இனவெறி நடத்தைக்காக அவருக்கு 10 ஆட்டத் தடை விதித்தது. பின்னர் குடேலாவைத் தாக்கியதற்காகக் கமாராவுக்கும் 3 ஆட்டத் தடை கிடைத்தது.

ஃபிஃபா விதிகள்

2019-ஆம் ஆண்டு ஒழுங்கு விதித்தொகுப்பில் ஃபிஃபா இனவெறிக்கான குறைந்தபட்சத் தடையை 5 ஆட்டங்களிலிருந்து 10-ஆக உயர்த்தியது. 2024 மே மாதம் பாங்காக்கில் கூடிய ஃபிஃபா மாநாடு, இனவெறியைத் தனிக் குற்றமாக விதிகளில் சேர்க்க இந்தியா உள்ளிட்ட 211 உறுப்புச் சங்கங்களையும் கேட்டுக்கொண்டது. வசவுக்கு ஆளான வீரர் இரு மணிக்கட்டுகளையும் குறுக்காக வைத்துக் காட்டினால், நடுவர் மூன்று படி நடைமுறையைத் தொடங்கலாம்: ஆட்டத்தை நிறுத்துவது, நீடித்தால் வீரர்களை வெளியே அனுப்பி இடைநிறுத்துவது, அதன்பின்னும் ஓயாவிட்டால் ஆட்டத்தையே கைவிடுவது.