ஆறாவது இருக்கை: இந்தியக் கால்பந்தில் டிராஃப்ட் வந்ததும் போனதும்

வீரர்களை அணிகளுக்குப் பங்கிடும் முறை பற்றி யார் எழுதப் புகுந்தாலும், 1956-இல் சைமன் ராட்டன்பெர்க் என்ற பொருளியலாளர் அமெரிக்க பேஸ்பால் வீரர்களின் தொழிற்சந்தை குறித்து எழுதிய கட்டுரையைத் தாண்டிப் போக முடிவதில்லை. அவருடைய வாதம் எளிமையானது. வீரனை ஓர் அணியோடு கட்டிப்போடும் விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அவனால் எங்கே அதிக வருமானம் வருமோ அங்கேதான் அவன் கடைசியில் போய்ச் சேருவான். விதி இருந்தால் அந்த வருமானத்தில் பெரும்பங்கு முதலாளிக்கு, இல்லாவிட்டால் வீரனுக்கு. ஆட்டக்களத்தில் மாற்றம் இல்லை, கல்லாப்பெட்டியில் மட்டுமே மாற்றம்.

இந்தியன் சூப்பர் லீகில் (ஐ.எஸ்.எல்.) டிராஃப்ட், அதாவது அணிகள் முறைவைத்து வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஏற்பாடு, வந்து, விலகி, திரும்பி வந்து, மறைந்த கதையையும் இந்த வாசிப்பைக் கொண்டே விளக்கும் பழக்கம் நிலைபெற்றுவிட்டது. சம்பளத்தை அடக்கிவைக்கக் கொண்டுவந்தார்கள், கிளப்புகளிடம் பணம் புரண்டதும் கைவிட்டார்கள் என்பது அதன் சாரம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ராட்டன்பெர்க் தவறு என்று சொல்ல வரவில்லை. அவர் கண்முன் இருந்த ஒன்று நம் கண்முன் இல்லை என்பதே என் வாதம்.

அவர் கண்முன் இருந்தவை அணிகள். பல பத்தாண்டுகளாக ஓர் ஊரில் வேரூன்றியவை, சொந்த மைதானமும் சொந்தக் கூட்டமும் கொண்டவை. அந்த அணிகள் வீரனின் ஒப்பந்தத்தைப் பணத்துக்கு விற்கலாம், வாங்கலாம். அந்த விற்பனை நடப்பதால்தான், எந்த விதியின் கீழும் வீரன் தன் ‘சரியான’ இடத்துக்கு வந்துசேருகிறான். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் அவருடைய தேற்றத்தில் மிஞ்சுவது குறைவு. 2014-இல் நம்மிடம் இந்த இரண்டுமே இருக்கவில்லை.

அமெரிக்கக் கால்பந்தின் டிராஃப்டும் இருந்த அணிகளுக்காகவே பிறந்தது. பிலடெல்பியா அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935-இல் அந்த யோசனையை வைத்தார். 1936 பிப்ரவரி 8-ஆம் தேதி முதல் டிராஃப்ட் நடந்தது. கடைசி இடத்தில் முடித்த அணி முதலில் எடுக்கும். அந்த ஆண்டு அது பெல்லின் அணியேதான். அவர்கள் எடுத்த முதல் வீரர் ஜே பெர்வாங்கர் அந்த லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. நலிந்த அணிக்குக் கைகொடுப்பது நோக்கம் என்றால், நலிந்த அணி என்று ஒன்று முன்பே இருந்தாக வேண்டும்.

இனி 2014-க்கு வருவோம். ஜூலை 22, 23 தேதிகளில் மும்பையில் நடந்த முதல் ஐ.எஸ்.எல். டிராஃப்டின் கணக்கை நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். 84 இந்திய வீரர்கள், 14 சுற்றுகள். வகுத்தால் 6 அணிகள். லீகில் இருந்தவையோ 8. டெம்போ கிளப்போடு கைகோத்திருந்த கோவாவும், ஷில்லாங் லஜோங்கோடு சேர்ந்திருந்த வடகிழக்கு அணியும் இந்தப் பங்கீட்டுக்கு வெளியே நின்றன. மீதமுள்ள ஆறில் கொல்கத்தா, டெல்லி, கேரளா, மும்பை, புனே ஆகிய ஐந்தையும் யாரும் சொல்லிவிடுவார்கள். ஆறாவது இருக்கையைத்தான் நான் விடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த ஆண்டு ஏப்ரலில் அந்த இருக்கையை வென்றது சன் குழுமம், ஊர் பெங்களூர். பிறகு சன் குழுமம் விலகியது. பெங்களூர் இருந்த இடத்துக்குச் சென்னை வந்தது, அபிஷேக் பச்சன் உரிமையாளரானார், வீட்டா தானியும் தோனியும் சேர்ந்தார்கள். சென்னையின் எஃப்.சி. என்ற பெயரில் கிளப் உருவானது ஆகஸ்டில்தான். அதாவது அணிக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே அணி தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டது. அக்டோபர் 15-ஆம் தேதி கோவாவின் ஃபதோர்டா மைதானத்தில் முதல் ஆட்டம் ஆடி 2-1 என வென்றபோது, சென்னைக்கு முதல் கோல் அடித்தவர் பல்வந்த் சிங். அடுத்தது பிரேசிலின் எலானோவின் கோல்.

அந்த அணியின் பெயர்ப்பட்டியலைக் கையில் வைத்துப் பாருங்கள். மோகன் பகானின் ஷில்டன் பாலும் பல்வந்த் சிங்கும். அவர்களுடைய பரம எதிரியான ஈஸ்ட் பெங்காலிலிருந்து கப்ராவும் அபிஷேக் தாஸும். மணிப்பூரின் கௌராமாங்கி சிங், மிசோரத்தின் ஜெஜே, கேரளத்தின் டென்சன் தேவதாஸ். இந்தப் பெயர்களில் ஒன்றுகூடத் தமிழ்நாட்டுப் பெயர் அல்ல. இதைக் குறையாகச் சொல்லவில்லை, சான்றாகச் சொல்கிறேன். ஊரின் வருமானத்தையோ ஊர்க்காரரின் விருப்பத்தையோ கணக்கிட்டுத் தேர்ந்த அணி இது அல்ல. எந்த ஊருக்கு என்பதே உறுதிப்படாத நிலையில் ஓர் இருக்கைக்குச் சேர்த்த அணி. ராட்டன்பெர்க் சொல்லும் ‘வீரனை அதிகம் மதிக்கும் இடம்’ என்பதற்கு ஜூலை மாதத்து ஆறாவது இருக்கையில் என்ன பொருள் இருக்க முடியும்?

அவருடைய இரண்டாவது தேவையும் இங்கே நிறைவேறவில்லை. அந்த 84 பேரில் சிலர் லீகை நடத்திய நிறுவனத்தோடு நேரடியாக ஒப்பந்தம் செய்தவர்கள். மற்றவர்கள் இன்னொரு தேசிய லீகான ஐ-லீகின் கிளப்புகளிலிருந்து கடனாக வந்தவர்கள். பருவம் அக்டோபர் 12-இல் தொடங்கி டிசம்பர் 20-இல் முடிந்தது. ஜனவரியில் ஷில்டன் பால் மோகன் பகானுக்கும், கப்ரா ஈஸ்ட் பெங்காலுக்கும் திரும்பிவிட்டார்கள். சென்னை கிளப்பிடம் விற்பதற்கு ஒப்பந்தம் எங்கே இருந்தது? மறுவிற்பனை இல்லாத இடத்தில் வீரன் எங்கே போவான் என்பதைத் தீர்மானித்தது டிராஃப்டேதான். இங்கே மாறியது கல்லாப்பெட்டி மட்டும் அல்ல.

ஆகவே என் வாசிப்பு இது: நம் கால்பந்தில் டிராஃப்ட், அணிகளைச் சமப்படுத்த வந்த கருவி அல்ல. சம்பளத்தை அடக்க வந்ததும் அல்ல. அணியே இல்லாத இடத்தில், இரவல் வீரர்களைக் கொண்டு அணியை உண்டாக்கும் கருவி.

சென்னை கிளப்பின் பிறப்பை ஏப்ரலில் வைப்பதா, ஜூலையில் வைப்பதா, ஆகஸ்டில் வைப்பதா என்று கேட்டால் நான் முடிவாகச் சொல்லப் போவதில்லை. ஆகஸ்ட் என்பது கிளப்பின் கணக்கு. அணியின் கணக்கு ஜூலையிலிருந்தே ஓடுகிறது.

2015-தான் என் வாசிப்புக்குச் சிக்கலான ஆண்டு. அந்த ஜூலையில் பத்து முன்னணி வீரர்களை மட்டும் தனியே பிரித்து ஏலம் விட்டார்கள். சுனில் சேத்ரியை 1.20 கோடி ரூபாய்க்கு மும்பையும், யூஜின்சன் லிங்டோவை 1.05 கோடிக்குப் புனேயும் எடுத்தன. 39 லட்சம் அடிப்படை விலையில் தொடங்கிய தோய் சிங்கைச் சென்னை 86 லட்சத்துக்கு வாங்கியது. மற்றவர்களுக்கு டிராஃப்ட். இங்கே ராட்டன்பெர்க் தரப்பு வலுவாகவே தெரிகிறது. விலை திறந்துவிட்டதும் வீரனின் பங்கு ஏறுகிறது. ஆனால் ஏலம் விட்ட பத்துப் பேரும் ஒரே பொதுத் தொகுப்பிலிருந்துதான் வந்தார்கள், அந்தத் தொகுப்பு இருந்தது லீகின் கையில். 2016-இல் டிராஃப்ட் நடக்கவில்லை, கிளப்புகள் தாமே வீரர்களைப் பேசி எடுத்தன. டிராஃப்டைக் கைவிடக் காரணம் பணம்தான் என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். 2017-இல் அது ஏன் திரும்பி வந்தது?

காரணம், அந்த ஆண்டு லீகையே திரும்ப வெட்டித் தைத்தார்கள். மூன்று மாதப் பருவம் நீண்டது. ஐ-லீகும் அதே மாதங்களில் ஓடியது. இரண்டு பக்கமும் ஆடும் இரவல் முறை நின்றது, ஒவ்வொரு வீரனும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தாக வேண்டியதாயிற்று. பெங்களூரு, ஜாம்ஷெட்பூர் என இரண்டு புதிய அணிகள் வந்தன. ஜூலை 23 அன்று மும்பையில் நடந்த டிராஃப்டில் முதலில் போனவர் அனஸ் எடத்தொடிகா. ஜாம்ஷெட்பூர் எடுத்தது, விலை 1.10 கோடி. விலைகள் முன்பே நிர்ணயமானவை. ஆகவே கல்லாப்பெட்டி பற்றி ராட்டன்பெர்க் சொன்னது இந்த இடத்தில் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிராஃப்ட் நடந்த காரணம் அது அல்ல. 2014-இல் லீக் பிறந்தது, 2017-இல் மறுபிறவி எடுத்தது. முழு டிராஃப்ட் நடந்தது இந்த இரண்டு ஆண்டுகளில்தான்.

சென்னை 2017-இல் எதற்கு முதலிடம் கொடுத்தது என்பதும் கவனிக்கத்தக்கது. தக்கவைத்த மூத்தவர்கள் இருவர்: கோல்காப்பாளர் கரன்ஜித் சிங், முன்கள வீரர் ஜெஜே. இளையவர்களில் அனிருத் தாப்பா, ஜெர்ரி லால்ரின்சுவாலா. பின்கடைசியும் முன்நுனியும் கையில் இருந்ததால் நடுக்களத்தைக் கட்டுவதே வேலையாயிற்று. தோய் சிங், பிக்ரம்ஜித் சிங், வியாசர்பாடியில் வளர்ந்த தன்பால் கணேஷ் ஆகியோர் அந்தப் பருவத்தில் நீலச் சட்டையில் ஆடியது அப்படித்தான். 2018 மார்ச் 17 அன்று பெங்களூருவில், பெங்களூரு அணியையே 3-2 என வென்று கோப்பையை எடுத்தார்கள். 2014 பட்டியலில் ஒரு பெயரும் இல்லாத தமிழ்நாடு, 2018 இறுதியாட்டத்தின் நடுக்களத்தில் நின்றது. கிளப்புக்கு வேர் பிடித்த பிறகு டிராஃப்டுக்கு வேலை இல்லாமல் போனதற்கு இதைவிட நல்ல அடையாளம் எனக்குத் தெரியவில்லை.

2025-இன் ஓய்வுப் பருவம் இதை மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்போடு 2010 டிசம்பரில் கையெழுத்தான பதினைந்து ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் முடியும் தறுவாயில், ஜூலையில் லீக் நிறுத்திவைக்கப்பட்டது. வீரர்கள் இப்போது கிளப்புகளின் சம்பளத்தில் இருந்தார்கள். பாரம் முழுவதும் கிளப்புகளின் தலையில் விழுந்தது. 2014-இல் லீகின் கையில் வீரர்கள் இருந்தார்கள், கிளப் இல்லை. இந்த முறை கிளப்பின் கையில் வீரர்கள் இருந்தார்கள், லீக் இல்லை. பங்கிடப் பொதுத் தொகுப்பு என்று எதுவும் இல்லாததால், டிராஃப்ட் என்ற சொல்லுக்கே அங்கே இடம் இருக்கவில்லை.

என் வாசிப்பு எனக்கு முதலில் தட்டுப்பட்டது எந்த ஆவணத்திலும் அல்ல, பாஞ்சாலங்குறிச்சியில். 1974-இல் எழுப்பிய கட்டபொம்மன் நினைவுக் கோட்டைக்குப் பக்கத்துப் பொட்டலில் சாயங்காலம் பையன்கள் பந்து உதைக்கும் முன் உத்தி பிரிப்பார்கள். ஏறக்குறைய ஒரே திறமையுள்ள இருவர் தோளில் கைபோட்டுத் தள்ளிப்போய், ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டு வருவார்கள். “மல்லி வேணுமா, முல்லை வேணுமா?” ஒரு தலைவன் ஒன்றைச் சொல்வான். வந்தவன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். இருட்டியதும் அணி கலைந்துவிடும். இரண்டு ஊர் அணிகள் கோப்பைக்காக மோதும்போது யாரும் உத்தி பிரிப்பதில்லை. அங்கே அணி ஏற்கெனவே இருக்கிறது.

இதே வட்டாரத்துத் தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் இரண்டு முறைகள் அடுத்தடுத்து இருந்தன. குளித்தவர்கள் சிப்பியை மூன்று கூறாக வைப்பார்கள், இரண்டு கூறு சர்க்காருக்கு, ஒன்று அவர்களுக்கு. எது யாருக்கு என்று கூறு வைத்தவனுக்கு முன்கூட்டித் தெரியாததால் மூன்றும் சமமாக இருக்கும். அதற்குப் பிறகுதான் சர்க்கார் தன் கூறை, திறக்காத சிப்பியாகவே, ஆயிரக்கணக்கில் ஏலம் விடும். கூறு வைப்பது உரிமையைப் பிரிக்கிறது. ஏலம், பிரிந்த உரிமைக்கு விலை வைக்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதுதான் ராட்டன்பெர்க் வழிவந்த வாசிப்பின் பிழை என்பேன்.

இங்கே என் வாதத்துக்கு இடிக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அது கால்பந்து அல்ல, கிரிக்கெட். 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீகில் தூத்துக்குடிக்கு டூட்டி பேட்ரியாட்ஸ் என்ற அணி கிடைத்தது. முதல் ஆண்டே கோப்பையை வென்றது. 2017-இல் வாஷிங்டன் சுந்தர் இந்த அணிக்காக ஆடித்தான் தொடர் நாயகன் ஆனார். ஆனால் தூத்துக்குடி மண்ணில் அந்த அணி ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ஆட்டங்கள் நடந்தவை சேப்பாக்கம், திருநெல்வேலி சங்கர் நகர், நத்தம் ஆகிய இடங்களில். 2021-இல் அந்த இருக்கை சேலத்துக்குப் போய்விட்டது. தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் லீகில் ஆண்டு முழுவதும் வேறு கிளப்புகளுக்கு ஆடுபவர்களை ஒரு மாதத்துக்கு இரவல் வாங்கி நடத்தும் தொடர் அது. என் வாசிப்புப்படி அங்கே டிராஃப்ட் நீடித்திருக்க வேண்டும். 2022 வரை நீடிக்கவும் செய்தது. ஆனால் 2023 பிப்ரவரியில் மாமல்லபுரத்தில் ஏலம் வந்து, சாய் சுதர்சனைக் கோவை 21.6 லட்சத்துக்கு எடுத்தது. வீரர்கள் அப்போதும் இரவல்தான். ஐ.எஸ்.எல்.-இல் இரவல் நின்ற பிறகு டிராஃப்ட் போனது. இங்கே இரவல் நிற்காமலே போயிருக்கிறது. ஏழு ஆண்டுப் பழக்கமே ஊரில்லாத அணிகளுக்கும் ஒருவகை வேரைக் கொடுத்துவிட்டது என்பது என் ஊகம். ஆனால் அந்த ஏழு ஆண்டுக்குள் வேரோடு பெயர்ந்துபோன தூத்துக்குடி இருக்கையை வைத்துக்கொண்டு அந்த ஊகத்தை உறுதியாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.