விறைப்பும் கடிகாரமும்

இறந்தவர் எத்தனை மணிக்கு இறந்தார் என்ற ஒரு கேள்வியிலேயே உயிரோடிருப்பவரின் தலைவிதி தங்கியிருக்கும் வழக்குகள் உள. அதற்கு விடைதேடும் மருத்துவர் பிரேதத்தின் தாடையைத் தொட்டுப் பார்க்கிறார். விறைத்துவிட்டதா, இன்னும் தளர்வாயிருக்கிறதா?

தசை தளர்வதற்கு ஏ.டி.பி. எனும் இரசாயனப் பொருள் வேண்டும். உயிர் பிரிந்தபின் இருப்புத் தீர்ந்ததும் தசையிழைகள் ஒன்றையொன்று பற்றியபடி நின்றுவிடுகின்றன; அழுகல் தொடங்கிய பின்னரே விறைப்பு நீங்குகிறது. 1811இல் நிஸ்தன் எனும் மருத்துவர், விறைப்பு தாடையிலும் கழுத்திலும் தோன்றிக் கால்வரை இறங்குவதை வரிசைப்படுத்தி எழுதினார். (இதே நிஸ்தன் 1802இல், கில்லட்டினில் தலை துணிக்கப்பட்டவரின் தசைகளில் மின்சாரம் பாய்ச்சிச் சோதித்தவர்.) 1872இல் நீடர்கோர்ன் 113 பிரேதங்களை அவதானித்தார். விறைப்பு முழுமையடையச் சிலவற்றுக்கு 2 மணித்தியாலமே போதுமாயிருந்தது; சிலவற்றுக்கு 13 சென்றது. ஆளுக்காள் வேகம் மாறும் கடிகாரம் இது! வெப்பம் அதனை விரைவுபடுத்தும். கடும் உழைப்பும் அவ்வாறே. வெயிலில் மூட்டை சுமந்து களைத்து விழுந்தவரின் தசையில் இருப்பு முன்னரே குறைந்திருக்கும். கட்டிலிற் கிடந்து இறந்தவருக்குரிய கணக்கை அவருக்கும் பொருத்தினால், உண்மையான நேரத்திற்கு முன்னரே அவரைச் சாகடித்துவிடுவோம்.

இந்த நிச்சயமின்மையாலேயே உடல் குளிரும் வேகத்தை அளப்பதில் மருத்துவர் நாட்டங்கொண்டனர். இலங்கையில் அது பெரும் விவாதமானது 1951 ஒக்டோபரில் நிகழ்ந்த ஒரு கொலையால். புகழ்பெற்ற துடுப்பாட்டக்காரர் சதாசிவம் தம் மனைவியைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டார். அன்று முற்பகல் அவர் வீட்டைவிட்டுச் சென்றிருந்தார். மரணம் அதற்கு முன்னரெனில் பழி கணவர்மீது; பின்னரெனில், அரச சாட்சியாகிவிட்ட வீட்டு வேலைக்காரர்மீது. எசமானரின் கழுத்துக்கும் வேலைக்காரரின் கழுத்துக்கும் இடையே ஒரு மணித்தியாலந்தான் நின்றது. உடல் வெப்பம் முதலியவற்றைக் கொண்டு பேராசிரியர் டி சேரம் கணித்த நேரத்தை, எதிரி தரப்பு அழைத்த எடின்பரோப் பேராசிரியர் சேர் சிட்னி சிமித் மறுத்தார். இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா எதிரிக்காக வாதாடினார். 1953இல் சதாசிவம் விடுதலையானார்.

டி சேரம் இருவருடன் சேர்ந்து 1955இல் வெளியிட்ட ஆய்வு, தூக்கிலிடப்பட்ட 41 கைதிகளின் உடல்வெப்பத்தைப் பற்றியது. தூக்குமேடையில் மட்டுமே மரணத்தின் நேரம் நிமிடக் கணக்கில் தெரிந்திருந்தது! 1976இன் பின் இலங்கையில் எவரும் தூக்கிலிடப்படவில்லை. ஆயினும், அந்த 41 பேரின் வழக்குகளிலும் நேரத்தைக் குறித்து ஐயம் எழுந்திருக்குமா, எழுந்திருப்பின் எடின்பரோவிலிருந்து ஒருவரை அழைக்க அவர்களுள் எவருக்கு இயன்றிருக்கும் என்று நாம் எண்ணிப்பார்ப்பதுண்டு.