பரப்பு விசைமானி

பரப்பு விசைமானி என்பது இரண்டு திடப்பொருள்களின் பரப்புகள் ஒன்றையொன்று நெருங்கும்போது எழும் ஈர்ப்பையும் விலக்கையும், ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும்போது எழும் உராய்வையும் நேரடியாக அளக்கும் சூட்சுமமான உபகரணம்.

மெருகேற்றிய எஃகும் மேடுபள்ளம் நிறைந்ததே; இரு உலோகப் பரப்புகள் மெய்யாகத் தொடுவது சில முகடுகளில் மட்டுமே என்பதைக் கேம்பிரிட்ஜில் ஆய்வாளர்கள் பௌடனும் டேபரும் விளக்கிய பின்னர், தொடும் இடத்தின் அளவே தெரியாமல் உராய்வின் காரணத்தை ஆராய்வது எங்ஙனம் என்ற வினா எஞ்சி நின்றது. அதற்குக் கைகொடுத்தது காக்காய்ப்பொன் எனப்படும் அப்பிரகம். ஏடு ஏடாகப் பிரியும் இக்கனிமத்தின் புதுமுகம் அணுப் பிரமாணத்திலும் சமதளமாயிருக்கும். 1969-இல் டேபரும் வின்டர்டனும், 1972-இல் டேபரும் இஸ்ரேலாச்விலியும் இதைக்கொண்டு, மூலக்கூறுகளுக்கிடையே எழும் வான்டர்வால்ஸ் விசையை அளந்தனர், பின்னவர்கள் 1.5 நானோமீட்டர் இடைவெளிவரை சென்றனர்.

சில மைக்ரோமீட்டர் கனமுள்ள இரு அப்பிரக ஏடுகளின் பின்புறத்தில் வெள்ளி பூசி, உருளை வடிவாக வளைந்த கண்ணாடிகளில் ஒட்டி, அவற்றைக் குறுக்காக எதிரெதிரே நிறுத்தி வெண்ணொளியைச் செலுத்தினால், நிறமாலைமானியில் வர்ணக்கோடுகள் தோன்றும். அவை இடம்பெயர்வதைக்கொண்டு இடைவெளியை ஓர் ஆங்ஸ்ட்ராம்வரை கணிக்கலாம். பரப்புகள் தொட்டு அமுங்கியதும் வளைந்த கோட்டின் முனை தட்டையாகிவிடும். தொடும் பரப்பைக் கண்ணாலேயே காணக் கிடைத்த இவ்வாய்ப்பையே இக்கருவியின் தலையாய சிறப்பாகக் கொள்ளல் வேண்டும். விசையை மெல்லிய வில்லின் வளைவு காட்டும். இடையில் ஒரு தூசி சிக்கினாலும் அத்தனை ஆயத்தமும் வீண்.

திரவங்களில் நடந்த ஆராய்ச்சியே பெரும் வியப்பை அளித்தது. ஏறத்தாழ உருண்டையான மூலக்கூறுகளையுடைய ஒரு சிலிக்கோன் திரவத்தை ஹார்னும் இஸ்ரேலாச்விலியும் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட முடிவின்படி, இடைவெளி சில மூலக்கூறுகளின் அகலத்திற்குக் குறுகியதும், விசை சீராக வளராமல், ஒரு மூலக்கூறின் விட்டத்திற்கு ஒருமுறை ஈர்ப்பாகவும் விலக்காகவும் மாறி மாறி அமைந்தது. திரவம் அடுக்கடுக்காக நின்று, ஒவ்வோர் அடுக்காகவே வெளியேறியது. இத்தகைய மெல்லிய திரவப் படலங்கள் திடப்பொருள்போல் இறுகி நின்று, குறிப்பிட்ட விசைக்குமேல் தள்ளினால் மட்டுமே நழுவுவதைப் பிற்காலச் சோதனைகள் காட்டின. ஆகவே எண்ணெயின் பாகுநிலையை மட்டும் பார்த்து மசகின் தரத்தை நிர்ணயிப்பது போதாது.

உப்புநீரோ இவ்வாறு இறுகுவதற்கு விதிவிலக்கு. அயனிகளைச் சூழ்ந்த நீர், ஒரு நானோமீட்டர் அளவுக்கு நெருக்கப்பட்ட நிலையிலும் இறுகாமல் நெகிழ்ந்தே இருப்பதை ரவிவும் கிளைனும் 2002-இல் அறிவித்தனர். மூட்டுக் குருத்தெலும்பின் மிகக் குறைந்த உராய்வுக்கு இந்நீர்மசகும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனினும், அப்பிரகத்தில் பெற்ற அளவுகளை எஃகுக்கோ குருத்தெலும்புக்கோ அப்படியே பொருத்துதல் தகாது.